ராக் பேண்டில் பேஸ் வாசிக்க வருகிறவர்களுக்கு

என்னிடம் பேஸ் கிட்டார் கற்றுக்கொள்ள வருகிற பிள்ளைகள் முதல் நாளே கேட்பது, "எத்தனை மாசத்துல பேண்டுல சேரலாம்?" என்பதுதான். சீக்கிரமே சேரலாம். எந்தக் கல்லூரிக்குப் போனாலும் கிட்டார் வாசிக்கிறவர்கள் வரிசையில் நிற்பார்கள், பாடுகிறவர்கள் அதைவிட அதிகம். பேஸுக்குத்தான் ஆள் தேடுவார்கள். நேரத்துக்கு வந்து, பாட்டின் அமைப்பு தெரிந்து, தாளம் பிசகாமல் ரூட் நோட் (சேர்ந்து ஒலிக்கும் சுரங்களான கார்டுக்குப் பெயர் தரும் சுரம்) வாசிக்கத் தெரிந்தால் போதும், உங்களை விடமாட்டார்கள். ஆனால் பேண்டில் சேர்வது வேறு, அந்த பேண்ட் நன்றாக ஒலிக்க நீங்கள் காரணமாக இருப்பது வேறு. நான் சொல்லப்போவது இரண்டாவதற்கான வழி.

நான் பெரம்பூர்க்காரன். ரயில்வே குடியிருப்புகளும் சர்ச்சுகளும் நிறைந்த ஊர். ஆங்கிலோ இந்தியக் குடும்பங்கள் நிறைய இருந்த பகுதி என்பதால் கிட்டாரும் டிரம்ஸும் எங்களுக்கு அதிசயம் இல்லை. சர்ச் பாடகர் குழுவில் பேஸ் பிடித்து, அங்கிருந்து ராக் பேண்டுகளுக்கு வந்தேன். அந்தப் பழக்கத்தில் கற்றதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் கருவி. 4 ஸ்ட்ரிங், பேட்டரி தேவைப்படாத பாசிவ் பிக்கப் (ஸ்ட்ரிங்கின் அதிர்வை மின் சைகையாக்கும் காந்தப் பகுதி), 34 அங்குல ஸ்கேல் (ஸ்ட்ரிங் அதிரும் நீளம்). 1951-ல் லியோ ஃபெண்டர் ப்ரிசிஷன் பேஸை விற்பனைக்குக் கொண்டுவந்தபோது வைத்த அளவு 34 அங்குலம். இன்றுவரை பெரும்பாலான பேஸ்களுக்கு அதுதான் அளவு. அந்த மாதிரியில், நடுவே இரண்டு துண்டாக அமைந்த பிக்கப் உள்ள பேஸ் ராக்குக்கு மிகவும் ஒத்துவரும். யமஹா, ஐபனெஸ், கோர்ட், ஸ்குவயர் ஆகியவற்றின் ஆரம்ப மாடல்களே முதல் சில வருடங்களுக்குப் போதும். கை சின்னதாக இருந்தால் 30 அங்குல ஷார்ட் ஸ்கேல் வாங்கலாம். அதை யாராவது குழந்தைகள் கிட்டார் என்று சொன்னால் காதில் போட்டுக்கொள்ள வேண்டாம்.

முடிந்தவரை கடைக்குப் போய்த் தோளில் மாட்டிப் பார்த்து வாங்குங்கள். 1842-ல் தொடங்கிய, அண்ணா சாலையில் இருக்கிற மியூசி மியூசிக்கல் மாதிரியான கடைகளில் வாசித்துப் பார்த்துவிட்டு முடிவு செய்யலாம். அங்கே செய்ய வேண்டியது இரண்டு சோதனை. ஒவ்வொரு ஸ்ட்ரிங்கிலும் எல்லா ஃப்ரெட்டையும் (நெக் எனும் கழுத்தின் குறுக்கே பதித்த உலோகக் கம்பிகள், அவற்றுக்கு இடையிலான கட்டங்களையும் அப்படியே சொல்வோம்) ஒவ்வொன்றாக அழுத்தி வாசியுங்கள், எங்கேயாவது கரகரக்கிறதா, சத்தம் திடீரென்று செத்துப்போகிறதா என்று கேளுங்கள். அப்புறம் 12-வது ஃப்ரெட்டின் மேல் விரலை அழுத்தாமல் லேசாகத் தொட்டு ஹார்மோனிக் என்ற மணியோசை மாதிரியான ஒலியை வாசியுங்கள், அதே ஃப்ரெட்டை அழுத்தி மறுபடி வாசியுங்கள். ட்யூனரில் இரண்டும் ஒரே இடத்தைக் காட்ட வேண்டும். கொஞ்சம் விலகினால் பிரிட்ஜில் (உடல் பகுதியில் ஸ்ட்ரிங்குகளைத் தாங்கும் துண்டு) சரிசெய்து தரச் சொல்லுங்கள். நெக்கே முறுக்கிக்கொண்டிருந்தால் வேறு பேஸ் எடுங்கள்.

ஆம்ப் (சத்தத்தைப் பெருக்கும் பெட்டி) உடனே வேண்டாம். வீட்டில் பழக ஒரு சின்ன ஹெட்ஃபோன் ஆம்ப் போதும். கிட்டாருக்கான சின்ன ஆம்பில் பேஸைச் செருகி சத்தத்தை ஏற்றினால் ஸ்பீக்கர் கூம்பு கிழிந்துவிடக்கூடும். அதேபோல பேஸ் லைன்களை ஃபோன் ஸ்பீக்கரில் கேட்டுக் கற்க முயலாதீர்கள். நான்கு ஸ்ட்ரிங்குகளும் தடித்ததிலிருந்து மெல்லியது வரை ஈ, ஏ, டி, ஜி. திறந்த ஈ ஸ்ட்ரிங்கின், அதாவது எந்த ஃப்ரெட்டையும் அழுத்தாமல் வாசிக்கும் ஈயின், அதிர்வு 41 ஹெர்ட்ஸ். அந்தச் சின்ன ஸ்பீக்கரால் அதை ஒலிக்கவே முடியாது, நீங்கள் கேட்பது அந்த நோட்டின் மேல் அதிர்வுகளை மட்டும்தான். சுமாரான ஹெட்ஃபோனாக இருந்தாலும் மாட்டிக்கொண்டு கேளுங்கள்.

இடது கை விஷயத்தில் ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். விரலுக்கு ஒரு ஃப்ரெட் என்று கிட்டாரில் சொல்லிக் கொடுப்பதை பேஸின் முதல் சில ஃப்ரெட்டுகளில் செய்யாதீர்கள். 34 அங்குல ஸ்கேலில் முதல் ஃப்ரெட் மட்டுமே கிட்டத்தட்ட 2 அங்குல அகலம். நான்கு விரலையும் அங்கே விரித்து வைத்துத் தினமும் பழகினால் மணிக்கட்டு வலி வந்துவிடும். டபுள் பேஸ் வாசிக்கிறவர்கள் செய்வதுபோல ஆள்காட்டி விரல், நடுவிரல், சுண்டுவிரல் மூன்றையும் வைத்து மூன்று ஃப்ரெட்டை மட்டும் பிடியுங்கள், மோதிர விரல் சுண்டுவிரலுக்குத் துணையாக இருக்கட்டும். ஐந்தாவது ஃப்ரெட்டைத் தாண்டிய பிறகு விரலுக்கு ஒன்று என்று மாறிக்கொள்ளலாம். ஸ்ட்ராப்பை, உட்கார்ந்து வாசிக்கும்போது பேஸ் எந்த உயரத்தில் இருக்கிறதோ அதே உயரத்தில் நின்றாலும் இருக்கும்படி வையுங்கள். முழங்கால் வரை தொங்கவிட்டால் படத்துக்கு அழகு, மணிக்கட்டுக்குக் கேடு.

வலது கைக்கு விரலா பிக்கா (ஸ்ட்ரிங்கை அடிக்கும் சின்னத் தகடு) என்ற சண்டையில் நேரத்தை வீணாக்க வேண்டாம், ராக்குக்கு இரண்டும் தேவைப்படும். அமெரிக்க இசை நிறுவனமான மோடவுனின் பாடல்களின் பின்னால் இருந்த ஜேம்ஸ் ஜேமர்சன் வலது கையின் ஆள்காட்டி விரல் ஒன்றை வைத்தே அத்தனையும் வாசித்தார். அதைக் கேட்ட பிறகு, எத்தனை விரல் என்ற கேள்வியே எனக்கு முக்கியமாகப் படவில்லை. ஒவ்வொரு அடியும் ஒரே கனத்தில் விழுகிறதா என்பதுதான் கேள்வி. வேகமான, நேரான ராக் பாட்டுக்கு பிக் எடுத்து, எல்லா அடியையும் கீழ்நோக்கியே அடித்துப் பழகுங்கள். மேலும் கீழுமாக அடிப்பது சுலபம்தான். ஆனால் கீழ் அடி கனமாகவும் மேல் அடி மெலிந்தும் விழும், அது பேண்டில் உடனே தெரியும்.

சரி, இனி இந்தக் கட்டுரையை எழுத உட்கார்ந்ததற்கான காரணத்துக்கு வருகிறேன்.

நோட் எங்கே தொடங்க வேண்டும் என்று எல்லோரும் சொல்லிக் கொடுப்பார்கள். அது எங்கே முடிய வேண்டும் என்று சொல்லிக் கொடுப்பவர்கள் குறைவு. ராக் பேஸில் பாதி வேலை அந்த முடிவில்தான் இருக்கிறது. நம்பாவிட்டால் இன்று மாலையே செய்து பாருங்கள். ஒரு சாதாரண டிரம் லூப்பை (திரும்பத் திரும்ப ஓடும் பதிவு) 80 வேகத்தில், அதாவது நிமிடத்துக்கு 80 அடியில், ஓடவிடுங்கள். நான்கு அடிச் சுற்றில் 1-லும் 3-லும் கிக் (காலால் அடிக்கும் பெரிய டிரம்), 2-லும் 4-லும் ஸ்நேர் (குச்சியால் அடிக்கும் கூர்மையான ஒலி கொண்ட டிரம்). இந்த வேகத்தில் ஒரு அடிக்கும் அடுத்ததற்கும் நடுவே முக்கால் வினாடி. ஏ ஸ்ட்ரிங்கின் 3-வது ஃப்ரெட்டில் இருக்கும் சி நோட்டை 1-ல் வாசியுங்கள், 3-ல் மறுபடி வாசியுங்கள். நடுவில் அது தன் போக்கில் ஒலிக்கட்டும். சில சுற்று இப்படியே போகட்டும், காது பழகட்டும்.

இப்போது அதே நோட்டை அதே இடத்தில் வாசியுங்கள், ஆனால் ஸ்நேர் விழுகிற கணத்தில் சரியாக நிறுத்துங்கள். இடது கை விரலைத் தளர்த்தினால் போதும். ஸ்ட்ரிங் ஃப்ரெட்டை விட்டு எழும்ப வேண்டும், விரல் ஸ்ட்ரிங்கை விட்டு எழும்பக் கூடாது. ஸ்நேர் திடீரென்று பளிச்சென்று கேட்கும். லூப்பில் யாரும் எதையும் மாற்றவில்லை, சத்தத்தையும் ஏற்றவில்லை. நீங்கள் விலகி இடம் கொடுத்தீர்கள், அவ்வளவுதான். அடுத்து, இன்னும் முன்னாலேயே, 1-க்கும் 2-க்கும் நட்டநடுவில் நிறுத்திப் பாருங்கள். பாட்டு துள்ள ஆரம்பிக்கும். கடைசியாக, 1-ல் வாசித்த நோட்டை 3-ல் அடுத்த நோட் விழும்வரை இம்மியளவும் இடைவெளி விடாமல் இழுத்து ஒட்டுங்கள். பாட்டு அகலமாகும். நோட் ஒன்றுதான், நான்கு விதமான பாட்டு கிடைத்துவிட்டது.

இதை நிஜப் பாட்டில் எப்படிப் பயன்படுத்துவது? வெர்ஸில் (சரணத்தில்) நோட்டைச் சுருக்கி வாசியுங்கள், கோரஸ் (திரும்பத் திரும்ப வரும் பல்லவி) வந்ததும் முழு நீளத்துக்கு விடுங்கள். ஒரு நோட்டைக்கூட மாற்றாமல் கோரஸ் பெரிதாக எழும். பாடுகிறவர் திரும்பி உங்களைப் பார்ப்பார், என்ன செய்தீர்கள் என்று அவருக்குத் தெரியாது. பேஸ் வாசிப்பதில் எனக்குப் பிடித்த தருணங்கள் இவைதான்.

நோட்டை நிறுத்துவதைப் போலவே, வாசிக்காத ஸ்ட்ரிங்குகளை வாயடைத்து வைப்பதும் கைக்கு வர வேண்டும். நீங்கள் டி ஸ்ட்ரிங்கை வாசிக்கும்போது ஈயும் ஏயும் தானாகவே அதிரும். வீட்டில் அது காதில் விழாது. ஜாம் ரூமில் (பேண்ட் ஒத்திகை பார்க்கும் அறையில்) ஆம்பைத் திறந்ததும் அடியில் ஒரு கலங்கலான இரைச்சலாக வரும். கட்டைவிரலை பிக்கப்பிலேயே ஊன்றி வைக்காமல், மெல்லிய ஸ்ட்ரிங்குகளுக்குப் போகப்போகக் கூடவே நகர்த்தி, தடித்த ஸ்ட்ரிங்குகளின் மேல் படுக்க வையுங்கள். முதலில் கை முரண்டு பிடிக்கும், போகப்போகத் தானாக வரும்.

மெட்ரோனோம் பழக்கத்துக்கு ஒரு வழி மட்டும் சொல்கிறேன். அதை 40-ல் வைத்து, கேட்கிற ஒவ்வொரு தட்டையும் 2 என்றும் 4 என்றும் எண்ணுங்கள். 1-ஐயும் 3-ஐயும் நீங்களே மனசுக்குள் வைத்துக்கொள்ள வேண்டும். எல்லா அடியையும் மெஷின் தட்டிக்கொண்டிருந்தால் நீங்கள் அதன் பின்னால் ஓடுவீர்கள். பாதியை நீங்கள் சுமந்தால்தான் தாளம் உங்கள் உடம்புக்குள் இறங்கும்.

இனி எந்த நோட்டை வாசிப்பது என்பது. ஈ ஸ்ட்ரிங்கிலும் ஏ ஸ்ட்ரிங்கிலும் 12-வது ஃப்ரெட் வரை ஒவ்வொரு நோட்டின் பெயரும் தூக்கத்தில் கேட்டாலும் சொல்ல வேண்டும். டேப் (ஃப்ரெட் எண்களை மட்டும் எழுதிய தாள்) பார்த்து வாசிக்கிறவர்கள் இங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள். ஜாமில் கிட்டாரிஸ்ட் "பி மைனர் போ" என்று கத்தும்போது டேப் இருக்காது. அப்புறம் ஒவ்வொரு கார்டுக்கும் ரூட், அதிலிருந்து எண்ணினால் வரும் மூன்றாவது, ஐந்தாவது சுரங்கள் எங்கே இருக்கின்றன என்று கை அறிய வேண்டும். அதற்கு மேல் வருவது, ஒரு கார்டிலிருந்து அடுத்ததற்கு எப்படி நடந்து போவது என்பது. ஜி மேஜரிலிருந்து ஈ மைனருக்குப் போகிற பாட்டுகள் ஏராளம். ஈ ஸ்ட்ரிங்கின் 3-வது ஃப்ரெட்டில் ஜி, கடைசி அடியில் 2-வது ஃப்ரெட்டின் எஃப் ஷார்ப், அப்புறம் திறந்த ஈ. அந்த ஒரு நடு நோட், ஈ மைனர் வரப்போகிறது என்று கேட்கிறவருக்கு முன்கூட்டியே சொல்லிவிடுகிறது. எல்லா மாற்றத்திலும் இதைச் செய்தால் சலித்துவிடும். பாட்டில் ஓரிரண்டு இடத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

இதைக் கற்க நான் எல்லோருக்கும் சொல்லும் வழி, நான்கு குரலில் இசைக்குறிப்போடு எழுதப்பட்ட சர்ச் பாட்டுப் புத்தகம் (ஹிம்னல்). அதில் அடியில் இருக்கிற பேஸ் குரலை மட்டும் எடுத்து வாசியுங்கள். ரூட்டிலேயே நிற்காமல் எப்போது மூன்றாவதற்குப் போக வேண்டும், மேலே மெட்டு ஏறும்போது பேஸ் ஏன் இறங்குகிறது என்பதெல்லாம் அந்தச் சின்னச் சின்ன வரிகளில் இருக்கிறது. எந்த மதத்தவராக இருந்தாலும் ஒரு புத்தகம் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பேஸ் க்ளெஃப் (கீழ்ச் சுரங்களுக்கான இசைக்குறிப்பு) வாசிக்கவும் அதிலேயே பழகிவிடும்.

நம் ஊரில் வளர்ந்த காதுக்கு இன்னொரு சொத்தும் இருக்கிறது. 80-களின் இளையராஜா பாடல்களில் பேஸ் தனி மெட்டாகவே நடக்கும். ரஹ்மானின் பாடல்களில் வாசித்த கீத் பீட்டர்ஸ் நம் சென்னைக்காரர். இதையெல்லாம் கேட்டு எடுத்து வாசியுங்கள், காதுக்கு இதைவிட நல்ல பயிற்சி இல்லை. ஆனால் அதே பாணியை அப்படியே ராக் பேண்டுக்குக் கொண்டுபோகாதீர்கள். சினிமாப் பாட்டில் பேஸ் நடமாட இடம் ஒதுக்கி எழுதியிருப்பார்கள். இரண்டு டிஸ்டார்ஷன் கிட்டார்கள் முழங்கும் இடத்தில் நீங்களும் ஓடியாடினால் எதுவுமே புரியாது. அங்கே நீங்கள் நிற்க வேண்டும். கிட்டார்கள் ஓய்ந்து, பாட்டும் டிரம்ஸும் மட்டும் இருக்கிற இடத்தில் நடந்துகொள்ளலாம்.

பேண்ட் தேடும்போது முதலில் டிரம்மரைத் தேடுங்கள். நல்ல டிரம்மர் ஒருவரோடு நட்பானால் மற்றவர்கள் தானாக வந்து சேர்வார்கள். பேண்ட் அமைவதற்கு முன்பே நீங்கள் இருவர் மட்டும் ஜாம் ரூம் எடுத்து, ஒரு பாட்டைக் கிட்டாரும் பாட்டும் இல்லாமல் ஆரம்பத்திலிருந்து கடைசிவரை வாசியுங்கள். இருவர் வாசிப்பதைக் கேட்டே அது என்ன பாட்டு என்று வெளியே நிற்கிறவருக்குப் புரிய வேண்டும். டிரம்மரின் வலது காலைப் பாருங்கள், உங்கள் நோட் அந்தக் கிக் விழும் கணத்தில் விழுகிறதா என்று கேளுங்கள். இரண்டும் சரியாகச் சேரும்போது தனித்தனியாகக் காதில் விழாது. கிக்குக்கே சுருதி வந்ததுபோல ஒரே சத்தமாகக் கேட்கும். ஒருமுறை அதைக் கேட்டுவிட்டால் பிறகு தவறும்போதெல்லாம் உங்களுக்கே தெரியும்.

ஜாம் ரூம் மணிக்கணக்கில் காசு. அங்கே போய்ப் பாட்டைக் கற்காதீர்கள். ஒவ்வொரு பாட்டுக்கும் ஒரு தாள் எழுதி எடுத்துப் போங்கள்: கீ, வேகம், இன்ட்ரோ எத்தனை பார், வெர்ஸ் எத்தனை பார், எந்த இடத்தில் எல்லோரும் நிறுத்துகிறோம், எப்படி முடிக்கிறோம். ஆரம்பமும் முடிவும் தான் மேடையில் சொதப்பும் இடங்கள், அவற்றை மட்டும் தனியாகத் திரும்பத் திரும்ப வாசியுங்கள். ஒரிஜினல் பாட்டு அரைச் சுரம் (ஒரு ஃப்ரெட் அளவு) இறக்கி ட்யூன் செய்யப்பட்டதா என்றும் முன்பே பாருங்கள். ராக்கில் அது மிகவும் சகஜம், ஆளுக்கொரு ட்யூனிங்கில் பழகிவிட்டு வந்து நிற்பதும் சகஜம். ஒவ்வொரு ஜாமையும் ஃபோனை மூலையில் வைத்துப் பதிவு செய்யுங்கள். மறுநாள் கேட்கும்போது உங்கள் நோட் முன்னால் ஓடுகிறதா என்பது தெளிவாகத் தெரியும்.

சத்தத்தின் தன்மை பற்றி. வீட்டில் தனியாக வாசிக்கும்போது ஆம்பில் பேஸ் (கீழ் ஒலி), ட்ரெபிள் (மேல் ஒலி) குமிழ்களை ஏற்றி, மிட்ஸை (நடு ஒலி) இறக்கினால் கேட்க இனிமையாக இருக்கும். அதே செட்டிங்கோடு பேண்டில் வாசித்தால் காணாமல் போவீர்கள். அடியில் கிக் இருக்கிறது, மேலே சிம்பல்களும் கிட்டார்களும் இருக்கின்றன. உங்களுக்கு மிச்சம் இருக்கிற இடம் நடுவில்தான். மிட்ஸை ஏற்றுங்கள். தனியாகக் கேட்டால் மூக்கால் பேசுவது மாதிரி இருக்கும், சேர்ந்து கேட்டால் ஒவ்வொரு நோட்டும் புரியும். கிட்டாரிஸ்டிடமும் அவருடைய ஆம்பில் பேஸ் குமிழைக் கொஞ்சம் இறக்கச் சொல்லுங்கள். இதை அன்பாகச் சொல்ல வேண்டும், நோட்டுக்கு நோட் சத்தம் ஏற்றும் போட்டியாக மாறினால் எல்லோர் காதும் போகும்.

காது என்றதும் சொல்லிவிடுகிறேன், இயர் பிளக் வாங்குங்கள். 100 டெசிபெல் சத்தத்தில் 15 நிமிடத்துக்கு மேல் இருப்பது காதுக்கு ஆபத்து என்கிறது அமெரிக்காவின் பணிப் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியோஷ். மூடிய ஜாம் ரூமில் ஒரு டிரம்மர் அந்த அளவைச் சுலபமாக எட்டிவிடுவார். ஜாம் முடிந்து வெளியே வரும்போது காதில் ரீங்காரம் இருந்தால், அன்றைக்குக் காது அடிபட்டிருக்கிறது என்று அர்த்தம். அதைப் பெருமையாகப் பேசுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கும்.

மேடைக்குப் போகும்போது பையில் இருக்க வேண்டியவை: இரண்டு கேபிள், ட்யூனர் பெடல், ஒரு செட் ஸ்ட்ரிங், ஸ்பைக் பஸ்டர், துண்டு. ஆக்டிவ் பேஸ் என்றால் 9 வோல்ட் பேட்டரி ஒன்று கூடுதலாக. துண்டு வியர்வைக்கு மட்டுமல்ல, ஸ்ட்ரிங்குக்கும்தான். நம் ஊர் வியர்வையிலும் கடல் காற்றிலும் ஸ்ட்ரிங் சீக்கிரம் துருப்பிடிக்கும். வாசித்து முடித்ததும் ஸ்ட்ரிங்கின் அடிப்பக்கம் உட்பட துடைத்துவிட்டுத்தான் உறைக்குள் வைக்க வேண்டும்.

ஐஐடி மெட்ராஸின் சாரங் மாதிரியான கல்லூரி விழாப் போட்டிகளுக்குப் போகிறவர்கள், மேடையேறி ட்யூன் செய்து தயாராவதையும் ஒரு பாட்டைப் போலவே பழகிக்கொள்ளுங்கள். போட்டிகளில் பெரும்பாலும் அந்த நேரமும் சேர்த்தேதான் கணக்கு. ஆம்ப் எது இருக்கும் என்று நம்பிப் போகாமல், டிஐ பாக்ஸ் (பேஸின் சைகையை மிக்ஸருக்கு ஏற்றதாக மாற்றும் சின்னப் பெட்டி) வழியாக நேரே மிக்ஸருக்குப் போகத் தயாராக இருங்கள். நிற்கும் இடம் டிரம்மரின் ஹைஹாட் (கால் மிதியால் இயக்கும் இரட்டைச் சிம்பல்) பக்கம், அங்கிருந்துதான் அவருடைய காலும் முகமும் ஒன்றாகத் தெரியும்.

ஜெனரேட்டரில் ஓடுகிற வெளி மேடைகளில் எர்த் சரியாக இருக்கிறதா என்று சவுண்ட் ஆட்களிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளாமல் மைக் பக்கம் போகாதீர்கள். ஸ்ட்ரிங்கைத் தொட்டுக்கொண்டு உதடு மைக்கில் பட்டால் ஷாக் அடிக்கும், சில நேரம் அது சின்ன ஷாக்காக இருக்காது. டெஸ்டரை மைக்கின் கம்பி வலையில் வைத்துப் பாருங்கள். எரிந்தால், அதைச் சரிசெய்யும் வரை பாடவும் வேண்டாம், வாசிக்கவும் வேண்டாம். நிகழ்ச்சி தாமதமானால் ஆகட்டும்.

பணத்தைப் பற்றிக் கேட்பவர்களுக்கு: ராக் மட்டும் வாசித்து வாழ்வது கடினம். கல்யாண ரிசப்ஷன், ஹோட்டல், சர்ச், ஸ்டுடியோ ரெக்கார்டிங் எல்லாம் சேர்ந்தால் பிழைக்கலாம். ஸ்டுடியோவுக்கு நோட்டேஷன் வாசிக்கத் தெரிந்திருக்க வேண்டும், அதற்கும் மேலே சொன்ன சர்ச் பாட்டுப் புத்தகம் உதவும்.

கடைசியாக, எல்லோரும் கேட்கிற 5 ஸ்ட்ரிங் பேஸ். அதன் கீழ் பி ஸ்ட்ரிங் 31 ஹெர்ட்ஸ், பல ஆம்புகள் அதைத் தெளிவாகக் காட்டாது. உங்கள் பேண்ட் சி அல்லது பி வரை இறக்கி ட்யூன் செய்கிற மெட்டல் பேண்டாக இருந்தால் தேவைப்படும். கீபோர்டோடு சேர்ந்து கீழ் டி, கீழ் சி எல்லாம் அடிக்கடி வாசிக்கிற சர்ச் குழுவிலும் தேவைப்படும். மற்றபடி நாலே போதும். கீழே போக ஆசை, ஆனால் இன்னொரு பேஸ் வாங்கப் பணம் இல்லை என்றால், 5 ஸ்ட்ரிங் செட் ஒன்றை வாங்கி அதில் தடிமனான நான்கை மட்டும் உங்கள் 4 ஸ்ட்ரிங் பேஸில் மாட்டி பி, ஈ, ஏ, டி என்று ட்யூன் செய்யலாம். ஆனால் தடித்த ஸ்ட்ரிங் உட்காரும்படி நட்டின் (நெக்கின் தலைப்பக்கம் ஸ்ட்ரிங்குகளைத் தாங்கும் துண்டு) பள்ளத்தைக் கொஞ்சம் அகலப்படுத்த வேண்டியிருக்கும், நெக்கின் வளைவையும் பார்க்க வேண்டும். அதை நீங்களே அரத்தால் ராவாமல், கிட்டார் பழுதுபார்க்கிறவரிடம் கொடுத்துச் செய்யுங்கள்.